துண்டுக்கு அடியில்

அறுநூற்று அறுபது ரூபாய்.
தரகர் கேட்டது அவ்வளவுதான்.
வக்கீல்கள் தின்றது அதற்கு மேலே.

தை மாதம், செவ்வாய்ப்பேட்டை மண்டி.
மாதிரிக்கு ஒரு மூட்டை பொதிமாட்டில் இறங்கியிருந்தது.
மீதி நூற்றைம்பது கண்டி காபி
மலைமேல், நாகலூர்ப் பக்கம்,
எத்திராஜுலு நாயுடுவின் களத்தில்.
எதிரே தரகர் பாவாடை ராவுத்தர்.
இருவர் கைமேலும் ஒரு துண்டு.
ராவுத்தர் இரண்டு விரலைப் பிடித்தார்,
விட்டார்,
மறுபடி இரண்டு.
கண்டி இருநூற்றிருபது.
நின்றவர்கள் பார்த்தது
துணி அசைந்ததை மட்டும்.

"முடிஞ்சுது" என்றார் நாயுடு.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள்
சிலோன் செடிகளில் இலைநோய் என்று தந்தி.
கண்டி இருநூற்றெழுபது.
நாயுடு வேறொரு கம்பெனிக்கு
நேரே சரக்கை ஏற்றிவிட்டார்.
ராவுத்தர் கூட்டிவந்த ஆள்
சூரமங்கலம் ஸ்டேஷன் எதிர்ச் சத்திரத்தில்
ரொக்கப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சேலம் முன்சீபுக்குச் சந்தேகமே இல்லை.
அவரும் சந்தையில் மாடு வாங்கியவர்.
முடிஞ்சுது என்றால் முடிஞ்சுது.
தரகுக்கு டிக்கிரி.
ஜில்லா கோர்ட்டும் அதையே சொன்னது.
நாயுடு விடவில்லை.
பட்டணத்துக்குப் போனார், ஹைகோர்ட்டுக்கு.

அங்கே துரைமார்.
அவர்களுக்காகச் சாட்சியங்களை இங்கிலீஷில் பெயர்க்க
சேலத்தில் ஒரு குமாஸ்தா இருந்தான்.
மாதம் இருபத்தைந்து ரூபாய்.
வீட்டில் கன்னடம், வீதியில் தமிழ்,
காகிதத்தில் மட்டும் இங்கிலீஷ்.
அது நான்.

விரலுக்குச் சொல் கிடைத்தது. துண்டுக்கும்.
கண்டிக்கு அடிக்குறிப்பு போட்டேன்.
பதினேழாம் பக்கம், நாயுடுவின் வாக்குமூலம்:
"முடிஞ்சுது என்றேன். எழுந்தேன்."

பேனா நின்றது.

கல்யாணம் முடிஞ்சுது என்கிறோம்,
அப்புறம்தான் குடித்தனம்.
கதை முடிஞ்சுது என்கிறோம்,
பாடை கட்டுகிறார்கள்.
இங்கிலீஷில் இதற்கு இரண்டு சொல் இருந்தன.
ஒன்றில் இருவரும் கட்டுப்பட்டார்கள்.
மற்றதில் அவரவர் வழியே போனார்கள்.
ஐந்து மணி ரயிலுக்குத் தபால் கட்ட வேண்டும்.
எழுந்தேன் என்று இருக்கிறதே,
எழுந்து போகிறவன் பேச்சை முறித்தவன்தானே
என்று தோன்றியது.
மற்றதை எழுதினேன்.
துண்டை உதறியதை நாயுடு சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. கேட்பது என் வேலையில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது.
தமிழில் திருப்புவதும் என் தலையில்.
பேச்சு முறிந்தபின் தரகு ஏது என்று கேட்டிருந்தார்கள்.
துணிக்குள் நடந்ததற்குச் சாட்சி இல்லை என்று ஒரு வரி.
என் சொல், என் ஒற்றைச் சொல்,
மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்து
என்னைப் பார்த்தது.

அந்த வாரமே வாசலில் ஒரு மணங்கு காபிக்கொட்டை.
சீட்டு இல்லை.
நான் எழுதியது மூட்டைக்கு முன்னால்,
பதினான்கு மாதம் முன்னால்.
இதற்கு யாரைச் சாட்சி அழைப்பேன்?
நான் கச்சேரியிலிருந்து திரும்புவதற்குள்
மனைவி வறுத்துவிட்டாள்.
தெரு முழுக்க மணம்.

ஆனியில் ராவுத்தரைப் பார்த்தேன்.
இப்போது மாம்பழத் தரகு.
ஒதுங்கப் பார்த்தேன்.
"வாங்க ராயரே" என்று
மல்கோவாக் கூடைமேல் துண்டை விரித்து
என் கையை உள்ளே இழுத்தார்.
இரண்டு விரல்.
விட்டார்.
மறுபடி இரண்டு.
நூறு பழத்துக்கு
இரண்டு ரூபாய் இரண்டணாவாக இருக்கலாம்.
இருக்கலாம்.

"முடிஞ்சுதா?" என்றார்.
முகத்தில் வியாபாரச் சிரிப்பைத் தவிர ஒன்றுமில்லை.
சுற்றிலும் ஆட்கள்.
துணி அசைகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.